கண்ணில் ரத்தக்கசிவு: எப்போது எச்சரிக்கை தேவை?

கண்ணின் வெள்ளைப் பகுதியில் திடீரென ரத்தச் சிவப்பாகத் திட்டு தோன்றினால் பலரும் பதறிப்போகின்றனர். மேலுள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் நுண்ணிய ரத்த நாளம் ஒன்று உடைவதால் இது ஏற்படுகிறது. கடும் இருமல், தும்மல், கண்ணைக் கசக்குவது, பாரம் தூக்குவது ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பொதுவாக வலி இருக்காது, பார்வையும் மங்காது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தானாக மறைந்துவிடும்.

இருப்பினும், அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாங்களாகவே மருந்தை நிறுத்தக்கூடாது.

வெளியே தெரியாமல் விழித்திரையில் ஏற்படும் ரத்தக்கசிவே அதிகக் கவனத்துக்குரியது. விழித்திரையின் ரத்த நாளங்கள் மூளையின் நுண்ணிய நாளங்களை ஒத்தவை. நீண்டகால உயர் ரத்த அழுத்தத்தால் தமனிகளின் சுவர் தடித்து இறுகுகிறது. அவை குறுக்கே செல்லும் சிரைகளை அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு, விழித்திரையில் ரத்தம் கசியக்கூடும். 1939ல் கீத், வேகனர், பார்க்கர் ஆகிய மருத்துவர்கள் உயர் ரத்த அழுத்தத்தால் கண்ணில் ஏற்படும் மாற்றங்களை நான்கு நிலைகளாக வகுத்தனர். ரத்தக்கசிவு அதில் மூன்றாம் நிலை. இத்தகையோருக்குப் பக்கவாத அபாயமும் அதிகம்.

மூளையில் தொடங்கும் பாதிப்பு கண்ணுக்கு வருவதும் உண்டு. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து மண்டையோட்டினுள் அழுத்தம் திடீரென உயரும்போது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியலாம். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பர்ட் டெர்சன் 1900ல் இதை விவரித்ததால், ‘டெர்சன் நோய்க்குறி’ எனப்படுகிறது. நோயாளி சுயநினைவின்றி இருந்தால் இது உடனே தெரியவராது. நினைவு திரும்பியபின் பார்வை மங்கலாக இருப்பதாக அவர் சொன்னால் குடும்பத்தினர் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிலருக்கு ரத்தம் தானாகக் கரைந்துவிடும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வலியின்றித் திடீரெனப் பார்வை மங்கினாலோ கரும்புள்ளிகள் மிதப்பதுபோல் தோன்றினாலோ அன்றே மருத்துவரை நாட வேண்டும். இதுவரை இல்லாத அளவுக்குக் கடுமையான தலைவலி திடீரென வந்தாலோ, முகம் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ சிங்கப்பூரில் உடனடியாக 995 எண்ணை அழைக்க வேண்டும்.

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளோர் பார்வை நன்றாக இருக்கிறதென்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. நீரிழிவு நோயாளிகள் பலதுறை மருந்தகங்களில் விழித்திரையைப் படமெடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். பார்வை மங்கும் முன்பே பாதிப்பைக் கண்டறிய அது உதவும்.