ஆனையிறவுக்குத் தெற்கே: வன்னிப் பெருநிலத்தின் இரு குடியேறிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் ஒடுங்கிய நிலமாகிய ஆனையிறவு, வரலாற்றில் நெடுங்காலமாகக் கடப்போரைக் கண்காணிக்கும் வாயிலாக இருந்து வந்துள்ளது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற நீரேரியைக் கடந்து குடாநாட்டுச் சந்தைக்குக் கொண்டு செல்லப்பட்டமையை அதன் பெயரே நினைவூட்டுகின்றது. வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியவையும் யானைகளே. ஒல்லாந்தர் இங்கு ஒரு சிறு கோட்டையை அமைத்தனர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இவ்விடத்தில் நிகழ்ந்த போர்களை வாசகர் அறிவர். ஆயின் நாம் இங்கு நோக்க முற்படுவது படைகள் கடந்த கதையையன்று. கைகளில் மண்வெட்டியோடு வந்த மக்களின் கதையையே.

இருபதாம் நூற்றாண்டில் ஆனையிறவுக்குத் தெற்கே, வன்னியின் பழைய குடிகளுக்கு அப்பால், இரு மக்கட் கூட்டத்தினர் வந்து குடியேறினர். ஒரு சாரார் வடக்கிலிருந்து ஆனையிறவைக் கடந்து வந்த குடாநாட்டு விவசாயிகளும் நடுத்தர வகுப்பினரும் ஆவர். மற்றைய சாரார் தெற்கிலிருந்து, கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களின் பெருந்தோட்டங்களிலிருந்து வந்த மலையகத் தமிழர். இரு சாராரும் தமிழ் பேசுவோர். இரு சாராரும் காட்டை வெட்டினர். இரு சாராரும் மலேரியாவையும் யானையையும் வறட்சியையும் எதிர்கொண்டனர். அவ்வாறாயின் ஒரு சாரார் நிலவுடைமையாளராகவும் மற்றைய சாரார் அவர்களின் வயல்களிற் கூலியாட்களாகவும் ஆனது எங்ஙனம்? இவ்வினாவுக்கு எம்மிடையே வழங்கும் விடை யாவரும் அறிந்ததே: யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், முயற்சியுள்ளவன், 'தோட்டக்காட்டான்' அன்றாடக் கூலியிலேயே கண்ணாயிருப்பவன். படித்தவர்களும் கூச்சமின்றி எடுத்துரைக்கும் இவ்விளக்கம் வரலாறு அன்று. விளைவைக் காரணமாகக் காட்டும் வகுப்புச் சார்பான ஓர் எண்ணமேயாகும்.

முதலாவது குடியேற்றத்தின் பொருளியற் பின்னணியை முதலில் நோக்குவோம். குடாநாட்டின் நிலம் சிறிது. சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டது. புகையிலையும் கிணற்றுநீர்த் தோட்டமும் குடிசனத்தின் ஒரு பகுதியையே தாங்கின. எஞ்சியோர்க்கு அரச உத்தியோகமும் மலாயாவும் வடிகால்களாக இருந்தன. 1929 இற்குப் பின்னர் உலகப் பொருளாதார நெருக்கடி மலாயாக் கதவைப் பெருமளவு அடைத்தபொழுது, ஆனையிறவுக்கு அப்பாலுள்ள காடு வேறு கண்கொண்டு நோக்கப்படலாயிற்று. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியிருந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளம் நீரைத் தேக்கியிருந்தது. 1936 இல் கிளிநொச்சி, குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடைய குடியேற்றமாகத் தோற்றம் பெற்றது.

இக்குடியேற்றத்திற்குச் சட்ட உருக் கொடுத்தது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். முடிக்குரிய நிலத்தை விவசாயிக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்குதல், அதனைத் துண்டாடவிடாது ஒரு வாரிசிடம் கையளித்தல், காணிக் கச்சேரி நடத்தி உரியவரைத் தெரிதல் என்பன அதன் வழிமுறைகள். குடியேற்றத் திட்டங்களில் அரசே காட்டை வெட்டி, வீடமைத்து, வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு குடும்பத்திற்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் வழங்கப்பட்டன. 1953 இற்குப் பின்னர் இவை முறையே 3 உம் 2 உம் ஆகக் குறைக்கப்பட்டன. இவற்றோடு 'மத்தியதர வகுப்புக் காணி' என்றொரு பிரிவும் இருந்தது. விவசாயிக்கு அளந்ததிலும் கூடிய ஏக்கர்கள், தாம் ஏர் பிடிக்கப் போவதில்லை என்பது வெளிப்படையாயிருந்த உத்தியோகத்தர்க்கும் வழக்கறிஞர்க்கும் வணிகர்க்கும் கிடைத்தன. கூலி உழைப்புக்கான தேவை இத்திட்டத்தின் வித்திலேயே இருந்தது என்பதை ஆய்வாளர் பலர் கவனிக்கத் தவறியுள்ளனர்.

இனி, இச்சட்டத்தின் மறுபுறம். அது காணி பெறும் உரிமையை 'இலங்கையர்' என்போர்க்கே வரையறுத்தது. தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் அவ்வரையறைக்குப் புறத்தே நின்றனர். 1940, 1941 ஆம் ஆண்டுகளில் இலங்கை இந்திய அரசுகளுக்கிடையே நடந்த பேச்சுக்களில் இவ்விலக்கும் பிணக்குக்குரிய விடயமாயிருந்தது. எனவே ஆனையிறவைத் தாண்டி வந்தவனுக்குக் காணியைத் தந்த அதே சட்டமே மலையிலிருந்த தொழிலாளிக்குக் காணியை மறுத்தது. இரு சாராரின் நிலையை ஒப்பிடுவோர் முயற்சியையும் சோம்பலையும் பற்றிப் பேசுவதற்கு முன்னர் இவ்வொரு சட்டத்தை வாசித்திருத்தல் வேண்டும்.

பின் நிகழ்ந்தவை நன்கு அறியப்பட்டவையாதலின் சுருங்கக் கூறுவோம். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் சட்டங்களும் மலையக மக்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களைப் பங்கிட்ட இக்கணக்கில் அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தோருள் ஜி. ஜி. பொன்னம்பலமும் இருந்தார் என்பதையும், அவரிடமிருந்து பிரிந்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் அவ்வாண்டிலேயே தமிழரசுக் கட்சியை நிறுவினர் என்பதையும் சேர்த்தே கூறல் வேண்டும். இடதுசாரிகள் அன்று பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தனர். அவர்களின் பிற்காலச் சறுக்கல்களை எண்ணும்பொழுது நாம் இதனை மறத்தலாகாது. இதனைக் கூறி அச்சறுக்கல்களை மறைத்தலும் ஆகாது.

எமது ஒப்பீட்டில் மிகுந்த கவனத்துக்குரியது 1970 முதல் 1977 வரையான காலமாகும். அந்நியச் செலாவணி நெருக்கடிக்குள்ளான ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னெப்போதும் காணாத விலை கிட்டியது. விசுவமடு போன்ற இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் செழித்தன. வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் ஆகிய இடங்களில் உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் பெருகின. அவ்வாண்டுகள் இன்றும் அப்பகுதி முதியோரின் பேச்சில் ஒரு பொற்காலமாகவே வருகின்றன. அதே அரசின் அதே கொள்கை மலையில் என்ன செய்தது? தோட்டத் தொழிலாளி தன் உணவில் ஒரு பிடியையும் தானே விளைவிப்பவனல்லன். அரிசியும் மாவும் சீனியும் அவனுக்குக் கடைச்சரக்குகள். பங்கீடு சுருங்கி விலை ஏறியபொழுது, வேலைநாட்களும் குறைந்திருந்த நிலையில், 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1972 இன் காணிச் சீர்திருத்தமும் 1975 இன் தோட்டத் தேசியமயமும் நிலத்தைத் தொழிலாளிக்கு வழங்கவில்லை. பல இடங்களில் அவனை லயத்திலிருந்தே வெளியேற்றின.

உணவுப் பொருளின் விலையேற்றம் அதனை விற்கும் சிறு உற்பத்தியாளனுக்கு மூலதனமாகவும், அதனை வாங்கும் கூலியாளுக்குப் பட்டினியாகவும் அமைதல் பொருளியலின் அரிச்சுவடி. மிளகாய்த் தோட்டங்களில் களை பிடுங்கவும் பழம் ஆயவும் ஆட்கள் தேவைப்பட்டனர்; பசித்தவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தனர். எனவே இவ்விரு குடியேற்றங்களும் ஒன்றையொன்று சாராத இரு நிகழ்ச்சிகள் அல்ல. முன்னதன் செழிப்பிலே பின்னதன் தேவை அடங்கியிருந்தது.

1977 ஆகஸ்டின் இனவன்முறை இவ்வருகையைப் பெருவெள்ளமாக்கியது. 1958 இன் பின்னர் வந்திருந்த சிறு தொகையினரோடு ஒப்பிடுகையில் இப்பொழுது வந்தோர் மிகப் பலர். எஸ். ஏ. டேவிட், மருத்துவர் சோ. இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தும் பணியில் ஈடுபட்டது. அர்ப்பணிப்புமிக்க அப்பணியை நாம் மதிக்கின்றோம். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். ஆயினும் குடியமர்த்தப்பட்ட இடங்களுட் பல எவை என்பதை நோக்குதல் வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு எல்லைகளிலிருந்த கென்ற் பண்ணை, டொலர் பண்ணை முதலியன தமிழ் நிலத்தின் விளிம்பில் அமைந்தவை. நிலத்தைக் காக்கும் வேலி என்னும் பங்கு, அந்நிலத்தில் உரிமைப்பத்திரமற்றவரின் தலையிலேயே விழுந்தது. 1984 இல் அப்பண்ணைகளிலிருந்து அம்மக்கள் அகற்றப்பட்டனர். அவ்விடத்திற் குடியமர்த்தப்பட்ட சிங்களச் சிறைக்கைதிகளும் குடும்பத்தினரும் அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஏழைகளை எல்லைக் கற்களாக நடும் அரசியலை இரு தரப்பிலும் காண்கின்றோம்.

கிளிநொச்சியைச் சூழவுள்ள மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தர்மபுரம், ஜெயபுரம் முதலிய ஊர்களில் மலையக மக்கள் செறிந்து வாழ்கின்றனர். இவற்றின் நில அமைவையும் முந்திய குடியேற்றங்களின் நில அமைவையும் ஒப்பிட்டால் எமது கருத்து மேலும் தெளிவாகும். இரணைமடுவின் வாய்க்கால்கள் பாயும் வயல் நிலம் முன்னர் வந்தோர்க்கு அளந்து கொடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் வந்தோர்க்குப் பெரும்பாலும் எஞ்சியது வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடு. அதுவும் பல இடங்களில் அனுமதிப்பத்திரமின்றி, 'அத்துமீறிய குடியிருப்பு' என்னும் பெயரில். மழையை நம்பிக் கச்சானும் பயறும் போடலாம். சிறுபோக நெல்லைக் கனவிலும் விளைவிக்க இயலாது. ஆகவே அறுவடைக் காலத்தில் அவர்கள் குளத்தின் கீழுள்ள வயல்களுக்குக் கூலிக்குச் செல்கின்றனர். குளத்து நீர் ஓடும் மட்டமே இங்கு வகுப்பின் மட்டமாகவும் அமைந்துவிட்டது.

இன்னொரு வேறுபாடு குறிப்பிடற்பாலது. குடாநாட்டுக் குடியேறி தன் ஊரை முற்றாக விட்டு வரவில்லை. ஊரில் வீடும் வளவும் இருந்தன. பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையிற் படித்தனர். விதைப்புக்கும் வெட்டுக்கும் கமத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஆனையிறவைக் கடந்து திரும்புவோர் பலர் இருந்தனர். ஒரு போகம் பொய்த்தால் உறவினரின் உத்தியோகச் சம்பளம் கைகொடுத்தது. (இதனை யாவர்க்கும் பொதுவாக்கலாகாது. குடாநாட்டில் நிலமே இல்லாதிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருட் பலரும் வன்னிக்கு வந்தனர். அவர்களுக்கு ஊர் என்பது திரும்பிச் செல்லும் இடமாக அன்றி விடுபட்டு வரும் இடமாக இருந்தது.) மலையகத்தவர்க்கோ லயத்து அறை தொழிலோடு பிணைந்தது. தோட்டத்தைவிட்டு இறங்கிய அன்றே அது மற்றொருவர்க்கு உரியதாயிற்று.

அதனினும் ஆழமான இழப்பொன்றும் உண்டு. மலையகத் தொழிலாளி 1931 இல் கோ. நடேசையர் தொழிற்சங்கம் அமைத்த காலந்தொட்டுப் போராடிப் பழகியவன். 1940 இல் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானான். சம்பளச் சபையும் சேமலாப நிதியும், எத்துணைக் குறைபாடுடையனவாயினும், அவ்வர்க்கம் வென்றெடுத்த பேறுகள். வன்னிக்கு வந்ததும் அவையனைத்தும் அற்றுப்போயின. சங்கமில்லை, நாட்கூலி கமக்காரனின் வாய்ச்சொல். மலையில் கொழுந்து பறித்துப் பேரேட்டிற் பெயர் பெற்றிருந்த பெண், இங்கு ஆணிலும் குறைந்த கூலிக்குக் களை பிடுங்குபவளானாள். இலங்கையின் மிகப் பெரிய பாட்டாளி வர்க்கத்தின் ஒரு பகுதி, உதிரியான விவசாயக் கூலிகளாகச் சிதறியமை முன்னேற்றமன்று. 1977 இற்குப் பின்னர் திறந்த பொருளாதாரம் மிளகாயின் இலாபத்தைக் கரைத்தபொழுது, கமக்காரன் தன் நட்டத்தின் ஒரு பங்கைக் கூலியின்மேல் இறக்கி வைக்கக்கூடியவனாயிருந்ததும் இதனாலேயே.

இலக்கியத்திலும் இதன் தடயத்தைக் காணலாம். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இலும், செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977 இலும் வெளிவர, வன்னி மண் ஈழத்து நாவலில் உறுதியான இடத்தைப் பெற்றது. மலையக இலக்கியம் என்றொரு வகையும் அதற்கு முன்னரே நிலைபெற்றிருந்தது. மலையைவிட்டு இறங்கியவன் அவ்வகைக்கும் உரியனல்லன். வன்னி மண்ணின் மைந்தனாகவும் அவனை எவரும் நெடுங்காலம் எழுதவில்லை. குடாநாட்டு வீடுகளில் வேலைக்காரச் சிறுவனாக ஆனையிறவைக் கடந்த அவன் பிள்ளை, வாசற்படியில் நிற்கும் துணைப்பாத்திரமாகவே பெரிதும் எமது சிறுகதைகளில் வருகின்றான்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரின் பிரசாவுரிமையை ஏற்றது. ஆறு ஆண்டுகளின் பின்னர், 2009 இல், கமக்காரனும் கூலியாளும் ஒரே பாதையால் முள்ளிவாய்க்காலுக்கும், அங்கிருந்து மெனிக் பண்ணை முகாமுக்கும் சென்றனர். ஓரிடத்தில் ஓலையின்றிக் கிடந்த அம்மாதங்களில் இரு சாராரையும் பிரித்த கோடு அழிந்துவிட்டதெனச் சிலர் எழுதினர். மீள்குடியேற்றம் தொடங்கி வீட்டுத்திட்டங்கள் வந்தபொழுது, அலுவலர் முதலிற் கேட்டது காணிக்கான ஆவணத்தையே. ஒருவர் 1935 இன் சட்டத்தின்கீழ்த் தன் பாட்டனார் பெற்ற அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் தேடிச் சென்றார். மற்றவருக்குத் தேடுவதற்குப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை.