ஓஜி - நண்பன் பிரிந்துபோன பிறகு ஜெயித்த டீம்

'டோட்டா 2' பற்றி ஒண்ணுமே தெரியாதவங்களும் இந்தப் பதிவைப் படிக்கலாம். தெரிய வேண்டியது இவ்வளவுதான்: பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு ஹீரோ, எதிராளியோட கோட்டைக்குள்ள புகுந்து நடுவில் இருக்கிற கட்டடத்தை இடித்தால் வெற்றி. இதற்கு வருஷா வருஷம் 'தி இன்டர்நேஷனல்' என்று ஒரு போட்டி. உலகக்கோப்பை மாதிரின்னு வச்சுக்குங்க. சுருக்கமா டிஐ. ரசிகர்கள் வாங்கிய 'பேட்டில் பாஸ்' காசில் கால் பங்கை அப்போதெல்லாம் பரிசுத்தொகையில் சேர்த்துவந்தார்கள். அதனாலேயே 2018இல் மொத்தப் பரிசு இரண்டரைக் கோடி டாலரைத் தாண்டியது.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் நட்பு எத்தனை நாள் தாங்கும்? ஓஜி என்ற ஐரோப்பிய டீமின் கதை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2015 ஆகஸ்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. டென்மார்க்காரர் யோஹான் சுண்ட்ஸ்டைன், ஆட்டப் பெயர் நோடெயில். இஸ்ரேல்காரர் டால் ஐஸிக், ஆட்டப் பெயர் ஃப்ளை. டோட்டா 2 வருவதற்கு முன்பே, 'ஹீரோஸ் ஆஃப் நியூஎர்த்' காலத்திலிருந்து ஃபனாட்டிக் டீமில் ஒன்றாக ஆடியவர்கள். ஐரோப்பாவில் அப்போது ஒரு வழக்கம். ஒரு போட்டி தோற்றால் டீமைக் கலை, பெரிய பெயர்களாகப் பார்த்து அள்ளிப் போடு, மறுபடி ஆடு. நோடெயிலே அந்த ராட்டினத்தில் டீம் சீக்ரெட், க்ளவுட்9 என்று சுற்றி வந்தவர். சலித்துப்போய், பிடித்தவர்களோடு மட்டும் ஆடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். டீமுக்கு முதலில் வைத்த பேர் 'மங்கி பிசினஸ்'. பேரைப் பார்த்தாலே தெரியுதுல்ல, எவ்வளவு சீரியஸா ஆரம்பிச்சாங்கன்னு :-)

மூன்றே மாதம். ஓஜி என்று பேர் மாறி, 2015 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மேஜரை ஜெயித்தார்கள். இறுதியாட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? நோடெயிலின் பழைய டீம் சீக்ரெட்! அப்புறம் 2016இல் மணிலா, பாஸ்டன், 2017இல் கீவ். வால்வ் கம்பெனி நடத்திய முதல் ஐந்து மேஜர்களில் நான்கு இவர்களுக்கு. நடுவில் 2016இல் மூன்று பேர் போய், புதிதாக மூன்று பேர் வந்தும்கூட.

ஆனால் டிஐ மட்டும் கைக்கு வரவில்லை. 2016இல் எல்லோரும் இவர்கள்தான் என்று நினைத்தபோது பாதியிலேயே காலி. 2017இல் அதே கதை. அந்த வருஷம் கோப்பையைத் தூக்கிய லிக்விட் டீமில் இருந்தவர், 2016இல் ஓஜியை விட்டுப்போன மிராக்கிள். வெந்த புண்ணில் வேல்.

2017-18 சீசன் இறங்குமுகம். 2018 மே மாதக் கடைசியில் வந்தது அடி. ஃப்ளை, கூடவே எஸ்4 என்கிற ஸ்வீடன் ஆட்டக்காரர், இரண்டு பேரும் அமெரிக்க டீமான ஈவில் ஜீனியஸுக்குப் போய்விட்டார்கள். ரெசல்யூஷன் என்ற இன்னொருவரும் அந்த சீசனில் விஜிஜே ஸ்டார்ம் பக்கம் ஒதுங்கிவிட்டார். டிஐக்கு மூன்று மாசம் கூட இல்லை.

ஃப்ளையைத் துரோகி என்று திட்டிய ரசிகர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டக்காரனின் காலம் குறுகியது, டீம் மூழ்குது, நல்ல இடத்தில் கூப்பிடுறாங்க. யாராயிருந்தாலும் யோசிப்பாங்க. ஆனா நோடெயில் பக்கம் இருந்து பார்த்தா அது வலிக்கத்தான் செய்யும். சேர்ந்து டீம் ஆரம்பித்த ஆளே போய்ட்டாரே!

மிச்சம் இருந்தது நோடெயிலும் ஃபின்லாந்துக்காரர் ஜெராக்ஸும். பிரான்ஸைச் சேர்ந்த கோச் செபாஸ்டியன் டெப்ஸ் (செப் என்பார்கள்) தானே ஆடுகிறேன் என்று இறங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய ஆள் ஆனா திரும்பி வந்தார். ஐந்தாவது ஆள் டாப்சன், ஃபின்லாந்து, வயசு 20. பெரிய மேடையில் ஏறிய அனுபவமே இல்லாத பையன். ஆள் மாறியதால் நேரடி அழைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம் என்கிற திறந்த தகுதிச்சுற்றிலிருந்து ஆடி வர வேண்டும். ஆடினார்கள். வந்தார்கள்.

ஆகஸ்ட் 2018, வான்கூவர். இங்கேதான் சினிமாக்காரன் எழுதினால்கூட நம்ப முடியாத வரிசை. முக்கியச் சுற்றில் முதல் எதிரி விஜிஜே ஸ்டார்ம், அதாவது ரெசல்யூஷன். 2-0. அடுத்தது ஈவில் ஜீனியஸ், அதாவது ஃப்ளையும் எஸ்4ம். 2-1. அப்புறம் சீனாவின் பிஎஸ்ஜி எல்ஜிடியையும் 2-1 என்று தாண்டி இறுதிக்குப் போனால், அங்கேயும் அதே எல்ஜிடி வந்து நிற்கிறது. முதல் ஆட்டம் ஓஜிக்கு. அடுத்த இரண்டும் எல்ஜிடிக்கு. நாலாவது ஆட்டத்திலும் ஓஜி பின்தங்கியிருந்தது. அதில் செப் தன் ஆக்ஸ் ஹீரோவோடு எதிராளிகள் நடுவில் குதித்துச் செய்த வேலையும், வர்ணனையாளர் "செ...ப்" என்று தொண்டை கிழியக் கத்தியதும் டோட்டா ரசிகர் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்தாவதையும் எடுத்து 3-2. பரிசு 1.12 கோடி டாலர்.

வால்வ் எடுத்த 'ட்ரூ சைட்' ஆவணப்படத்தில் ஆட்டத்தின்போது இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். நான் கவனித்தது ஒன்று. செத்தவனை யாரும் திட்டுவதில்லை. பின்தங்கி இருக்கும்போதுகூட ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்ஜிடி திறமையில் குறைந்த டீம் இல்லை. ஆனா தோற்கும் நிலையில் பயப்படாமல் இருந்தது ஓஜிதான். ஃப்ளை போன பிறகு இழக்க ஒண்ணுமில்லை என்பதும் அந்த தைரியத்துக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

'குருட்டு அதிர்ஷ்டம்' என்றார்கள். ஆனா ஓய்வெடுக்கப் போய்விட்டார், டீம் சொதப்பியது. 2019 மார்ச்சில் அவர் திரும்பினார். ஆகஸ்டில் ஷாங்காயில் அதே ஐந்து பேர் மறுபடி இறங்கினார்கள். மற்றவர்களுக்கு உதவி செய்வதற்கென்றே இருக்கிற 'ஐயோ' என்ற ஹீரோவை (பேரே அதுதாங்க!) ஆனா அடித்து ஆடும் முக்கிய ஹீரோவாக்கி ஆடினார். எதிராளியைக் கேலி செய்யும் ஒலித்துணுக்குகளை வேறு நடுநடுவே ஒலிக்க விட்டு வெறுப்பேற்றினார்கள். இறுதியில் லிக்விடை 3-1 என்று வென்றார்கள். ஆமா, அந்த லிக்விடில் மிராக்கிளும் இருந்தார். பரிசு 1.56 கோடி டாலர். டிஐயை இரண்டு தடவை ஜெயித்த முதல் டீம். 2023இல் ரஷ்ய டீம் ஸ்பிரிட்டும் இரண்டாவது கோப்பையை எடுத்தது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு என்பது 2025 வரை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அப்புறம் மெல்லக் கலைந்தது. 2020 ஜனவரியில் ஜெராக்ஸ் ஓய்வு, 2021இல் ஆனா ஓய்வு. அந்த வருஷக் கடைசியில் நோடெயில், செப், டாப்சன் மூவரும் விலகிக்கொள்ள, முழுக்கச் சின்னப் பசங்களை வைத்துப் புது ஓஜி. 2022 மே மாதம் ஸ்டாக்ஹோம் மேஜருக்கு கேப்டன் மிஷாவால் வர முடியவில்லை. பதில் ஆளாக செப் வந்து உட்கார்ந்தார். அதையும் ஜெயித்தார்கள்! அதற்குப் பிறகு சரிவுதான். 2023, 2024 இரண்டு வருஷமும் டிஐக்குத் தகுதியே பெறவில்லை.

ஃப்ளைக்கு? 2018இல் ஈவில் ஜீனியஸோடு மூன்றாம் இடம். டிஐ கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை.