மடத்தைவிட்டு வெளியே வந்த தியானம்

1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை பர்மாவின் மாந்தலே அரண்மனையைப் பிடித்தது. திபா மன்னரை நாடு கடத்தி ரத்தினகிரியில் வைத்தார்கள். பிக்குகளையும் மடங்களையும் காத்துவந்தவர் அரசர். அவரே போனபின் புத்த சாசனம், அதாவது புத்தரின் போதனை மரபு, என்னாகும் என்ற கவலை பர்மியர்களைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் லெடி சயாடோ (1846–1923). ஊர் ஊராகப் போய், அதுவரை பெரும்பாலும் துறவிகளின் உலகமாக இருந்த அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவத்தையும் தியானத்தையும் குடும்பஸ்தர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எளிய பர்மிய மொழியில் நூல்களும் எழுதினார். மக்கள் மனதில் ஊன்றிவிட்டால் சாசனத்துக்கு அரசர் துணை தேவையில்லை அல்லவா? லெடி சயாடோவின் மாணவர் சயா தெட்ஜி ஒரு விவசாயி. தெட்ஜியிடம் 1937-ல் கற்றவர் அரசு ஊழியரான ஊ பா கின். 1948-ல் பர்மா விடுதலை பெற்றபோது அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆன அவர், தன் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் கற்பித்தார்.

இன்னொரு கிளை மகாசி சயாடோவுடையது. 1945-ல் ஷ்வேபோ பகுதியில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில், சொந்த ஊரான செய்க்கூனில் இருந்தபடி விபாசனா என்ற தியான முறையை விரிவாக எழுதி முடித்தார். பிறகு பிரதமர் ஊ நூவின் ஆதரவோடு ரங்கூனில் ஒரு தியான மையத்தில் அதைக் கற்பித்தார்.

அங்கே உட்கார்பவர் முதலில் கவனிப்பது மூச்சில் எழுந்து தாழும் வயிற்றை. சற்று நேரத்தில் மனம் நேற்றைய சண்டைக்கோ நாளைய கடனுக்கோ ஓடிவிடும். அதை விரட்டவும் கூடாது, பின்னால் போகவும் கூடாது. ‘நினைப்பு, நினைப்பு’ என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். கால் வலித்தால் ‘வலி, வலி’. நடக்கும்போது பாதத்தைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். ஆசிரியரிடம் போனால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஆராய்ச்சி வேண்டாம்.

இதன் வேர் பழைய பாலி நூல்களில் இருக்கிறது. கண்ணும் பொருளும் சேர்ந்தால் உணர்வு எழுகிறது, உணர்ந்ததை மனம் அடையாளம் காண்கிறது, பிறகு அதைப்பற்றி நினைக்கிறது. நினைப்பு கிளைவிட்டுப் பெருகி ஆளையே ஆட்டிவைக்கிறது என்று விளக்குகிறது மதுபிண்டிக சுத்தம் என்ற பாலி உரை. தெரிந்தவர் ஒருவர் முகம் பாராமல் போனார் என்பது கண்ணில் பட்டது. ‘என்னை அவமதித்துவிட்டார்’ என்பது மனம் கட்டியது. இரண்டுக்கும் நடுவே நடப்பதைப் பிடிப்பதுதான் பயிற்சி.

இந்தப் பயிற்சி பர்மாவுக்கு வெளியேயும் பரவியது. மாந்தலேயில் பிறந்த வணிகர் கோயங்கா ஒற்றைத் தலைவலியால் தவித்து ஊ பா கினிடம் வந்தவர். 1969-ல் அவர் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1976-ல் இகத்புரியில் மையம் எழுந்தது. இன்று மருத்துவமனைகளில் மன அழுத்தத்துக்குக் கற்றுத்தரும் கவனப் பயிற்சியும் இந்த மரபுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் பர்மிய ஆசிரியர்களுக்கு நிம்மதி வழியில் கிடைப்பது மட்டுமே. எண்ணமும் வலியும் மகிழ்ச்சியும் தோன்றி மறைவதையும், அவற்றில் ‘நான்’ என்று பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதையும் நேரில் காண்பதே அவர்களுடைய இலக்கு. கேட்டதும் படித்ததும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது என்பதால், கோயங்காவின் பத்து நாள் முகாமில் முதல் ஒன்பது நாள் சக பயிற்சியாளரோடு பேச்சு கிடையாது. புத்தகமும் பேனாவும் முகாம் முடியும்வரை கிடையாது.