வாட்ச்சுக்குத் தெரியுமா உங்க மனசு?

1/ "டாக்டர், நேத்து ராத்திரி முழுக்க வாட்ச்சுல ஸ்ட்ரெஸ் அதிகம்னே காட்டுது. எனக்கு ஏதாவது பிரச்சினையா?"

இப்படி மணிக்கட்டை நீட்டுபவர்கள் இப்போது அதிகம். "சரி, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொரு தடவை வாட்ச்சைப் பார்க்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் 60 வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/ 1966. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு தப்பி வந்த ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி, 'எலைசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். அது மனநல ஆலோசகர் மாதிரி பேசும். அம்மாவைப் பற்றி ஏதாவது தட்டினால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். அதற்கு எதுவும் புரியாது. நாம் சொன்ன வார்த்தையையே பிடித்து நம்மிடமே கேள்வியாகத் திருப்பும். அவ்வளவுதான்.

வைசன்பாமின் செயலாளருக்கு அது வெறும் புரோகிராம் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் அதோடு கொஞ்சம் பேசியதும், அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். தனியாகப் பேசணுமாம்!

3/ அவரை இன்னும் அதிர வைத்தது நம்ம டாக்டர்கள்தான். கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதே வருஷம் என்ன எழுதினார்கள் தெரியுமா? இப்படி ஒரு கணினி மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று. டாக்டர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் சில வேலைகளைக் கணினியால் செய்ய முடிந்தாலும் அதனிடம் கொடுக்கக் கூடாது என்று வைசன்பாம் 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

4/ அடுத்து 1997. அதே எம்.ஐ.டி.யில் ரோசலிண்ட் பிக்கார்டின் 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' புத்தகம் வந்தது. கணினி நம்மோடு ஒழுங்காகப் பழகணும் என்றால் அதற்கு நம் உணர்ச்சி தெரியணும் என்றார் அவர். நாடித்துடிப்பு, தோலின் வியர்வை, முகபாவம் எல்லாவற்றையும் சென்சாரால் அளக்கும் துறை வளர்ந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உதவுவதும் அந்த ஆய்வுகளின் நோக்கங்களில் ஒன்று. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

5/ 2005-ல் ஒரு மறுப்பு வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃபீபி செங்கர்ஸ், கணினியியலும் பண்பாட்டுக் கோட்பாடும் சேர்த்துப் படித்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்றேன்: உணர்ச்சி என்ன, உள்ளே இருக்கும் பார்சலா, பிரித்து லேபிள் ஒட்ட? அது ஆட்களுக்கு நடுவில், பேச்சில், சூழ்நிலையில் உருவாவது. அதனால் கருவி தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மனிதர் தன்னைத் தானே கவனிக்க உதவினால் போதும். இந்த வழிக்கு 'ரிஃப்ளெக்டிவ் டிசைன்' என்று பெயர்.

6/ ஒரு உதாரணம், அவர்கள் செய்த 'அஃபெக்டர்'. பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு நண்பர்கள். நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு வீடியோ. படம் நெளியும், உருமாறும். "உங்க நண்பர் சோகமா இருக்கார்" என்று அது சொல்லாது. படத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த நண்பர்கள்தான் யோசிக்கணும்.

7/ இதில் டாக்டருக்கு என்ன வேலை? நாடித்துடிப்பு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயமா? சந்தோஷமா? காய்ச்சலா? ரத்தசோகையா? தைராய்டா? மாடிப்படி ஏறி வந்தாரா? எண் ஒன்றுதான், கதை வேற வேற. கேட்டால்தான் தெரியும். முகமும் அப்படித்தான். முகபாவத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் ஏகப்பட்ட ஆய்வுகளை அலசி எழுதினார்கள்.

8/ ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏ.ஐ. சட்டம், வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் ஏ.ஐ.க்குத் தடை போட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கு. ஆனால் மருத்துவக் காரணத்துக்கும் பாதுகாப்புக் காரணத்துக்கும் விலக்கு உண்டு.

அந்த விலக்குதான் எனக்குக் கவலை. கதவு திறந்திருப்பது எங்கள் பக்கம். அன்று கோல்பி சொன்ன அதே காரணம் இன்றும் இருக்கு: கூட்டம் அதிகம், நேரம் குறைவு. எண்ணைப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை நானே விட்டுவிட்டால்?

9/ அதனால வாட்ச்சைக் கழற்றி வீச வேண்டாம். அது காட்டுவதைக் கேள்வியாக எடுத்துக்கோங்க. அந்த நேரத்தில் என்ன நடந்தது? தூங்கினேனா? யாரோடு சண்டை? ரெண்டு வரி எழுதி வைங்க. படபடப்போடு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. ரெண்டு வாரமா மனசு சரியில்லைன்னா, வாட்ச் பச்சை காட்டினாலும் வாங்க.

வரும்போது அந்த ரெண்டு வரியையும் எடுத்துட்டு வாங்க. முதல்ல அதைத்தான் படிப்பேன்.