ரெண்டு நிமிஷம் முன்னாடி எழுந்திருக்கக் கூடாதா?

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாடகைக்கு எடுத்த சிடியில் ஜெஃபிரெல்லி 1968-ல் எடுத்த ரோமியோ ஜூலியட் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் வந்து உட்கார்ந்தார். "கடைசில ரெண்டு பேரும் செத்துடுவாங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "தெரியும்டா, நீ படத்தைப் போடு" என்றார்.

ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்துத் தூங்குகிறாள் என்ற கடிதத்தோடு ஒரு துறவி கழுதையில் ஆடி அசைந்து போகிறார். அவள் செத்துவிட்டாள் என்ற தப்பான சேதியோடு ரோமியோவின் வேலைக்காரன் குதிரையில் அவரைத் தாண்டிப் போகிறான். அம்மா பதறிவிட்டார். "ஐயோ, அந்தக் குதிரையை யாராவது நிறுத்துங்களேன்!" கல்லறையில் ரோமியோ செத்த பிறகு ஜூலியட்டின் விரல் அசைகிறது. "அடிப்பாவி, ரெண்டு நிமிஷம் முன்னாடி எழுந்திருக்கக் கூடாதா?"

முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இந்தப் பதற்றம்? ரொம்ப நாள் மண்டையைக் குடைந்த கேள்வி இது.

இத்தனைக்கும் முடிவைப் போட்டு உடைப்பதே ஷேக்ஸ்பியர்தான். திரை விலகியதும் ஒருவர் வந்து, இந்தக் காதலர்கள் சாகப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கதையும் அவருடையது இல்லை. லூயிஜி தா போர்த்தோ, பாந்தெல்லோ என்று இத்தாலியர்கள் எழுதி, பிரெஞ்சுக்குப் போய், 1562-ல் ஆர்தர் ப்ரூக் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதியது. ஷேக்ஸ்பியர் அதை 1595 வாக்கில் நாடகமாக்கினார். அப்படியென்றால் அவர் செய்தது என்ன?

கடிகாரத்தில் கை வைத்தார். அதுதான் விஷயம்.

ப்ரூக்கின் கவிதையில் காதலர்கள் கிறிஸ்துமஸ் சமயத்து விருந்தில் சந்திக்கிறார்கள். ரகசியக் கல்யாணத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு மறுநாள்தான் சண்டை வருகிறது. நாடகத்தில் எல்லாமே நாலைந்து நாள்! ஞாயிறு ராத்திரி சந்திப்பு, திங்கள் மத்தியானம் கல்யாணம், கல்யாணமான கையோடு கொலை, செவ்வாய் விடிகாலையில் பிரிவு. ஜூலியட்டின் வயதையும் பதினாறிலிருந்து பதினாலுகூட நிரம்பாத பெண்ணாகக் குறைத்துவிட்டார். யோசிக்க அவகாசமே இல்லாத வயது, அவகாசமே இல்லாத வாரம்.

மெர்க்கூஷியோவைப் பாருங்கள். ப்ரூக்கிடம் இவர் விருந்துக்கு வந்த ஒரு ஆள், கை சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் அவருக்குப் பேச்சும் கிண்டலும் கொடுத்து நம்மைச் சிரிக்க வைக்கிறார். பாதி நாடகம் வரை இது காமெடியோ என்றுகூடத் தோன்றும். அப்புறம் அதே ஆளைக் கொன்றுவிடுகிறார். அதோடு சிரிப்பு நின்று போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாரிஸோடு ஜூலியட்டுக்கு வியாழக்கிழமை கல்யாணம் என்று அப்பா நிச்சயிக்கிறார். துறவி சொல்லிக் கொடுத்தபடி அவள் வந்து, "மன்னிச்சிடுங்கப்பா, சம்மதம்" என்று நடிக்கிறாள். அப்பாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணத்தைப் புதன்கிழமைக்கே மாற்றிவிடுகிறார்! போச்சா, ஒரு நாள் போச்சு. இங்கே வில்லன் யாரும் இல்லை. ஒரு அப்பாவின் சந்தோஷமே மகளைக் கல்லறைக்குத் தள்ளுகிறது.

ஒரே ஒரு இடம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாடகத்தில் கழுதையும் இல்லை, குதிரைப் பந்தயமும் இல்லை. கடிதம் கொண்டுபோன துறவி இருந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதம் போகவில்லை. இது வசதியான சாக்கு, ஆசிரியர் சோம்பல் பட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

2020-ல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்தவரின் அம்மா ஊரில் தவறிப்போனார். அவரால் போக முடியவில்லை. மாடியில் நின்று போனில் அழுததைத் தெருவே பார்த்தது. அன்றைக்குத்தான் அந்தக் காட்சி எனக்குப் புரிந்தது. லண்டனில் 1592 முதல் 1594 வரை பெரும்பாலான நாட்கள் கொள்ளைநோயால் நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. நோய் கண்ட வீடுகளை அடைத்துவிடுவது வழக்கம். கொட்டகை திறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் இந்த நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அடைத்த கதவு சாக்காகவா தெரிந்திருக்கும்?

இன்னொரு சமாசாரம். அம்மா கேட்ட அந்த ரெண்டு நிமிஷத்தை நிஜமாகவே கொடுத்திருக்கிறார்கள். தா போர்த்தோவின் மூலக்கதையிலேயே ரோமியோ சாகும் முன் ஜூலியட் கண் விழித்துவிடுகிறாள். 1748-ல் டேவிட் காரிக் இந்த நாடகத்தை மேடையேற்றியபோது அதைத் திரும்பக் கொண்டுவந்தார். விஷம் குடித்தவனும் விழித்தவளும் பேசி அழுது பிரிகிறார்கள். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஏறத்தாழ நூறு வருஷம் மேடையில் அதுதான் ஓடியது.

அதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பேசிட்டாங்கன்னா மனசு ஆறிடுமேடா. அப்புறம் நாம எதுக்கு அழணும்?"

நான் இத்தனை பத்தி எழுதியதை அம்மா ரெண்டு வரியில் முடித்துவிட்டார்.