நகர்ப்புறக் காப்பீட்டுப் பாகுபாடும் அதன் தடுப்பும் (அமெரிக்கா)

வீட்டின் நிலையைப் பார்க்காமல், அது எந்தப் பேட்டையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பாலிசி மறுப்பதும் கூடுதல் பிரீமியம் கேட்பதும் அமெரிக்க நகரங்களில் நெடுங்காலம் நடந்துவந்தன. பெரிதும் பாதிக்கப்பட்டவை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். தீக்காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் வராது, பழுதுபார்க்கவும் பணம் இராது. வீடு சிதைந்ததும், அதையே காரணம் காட்டி அடுத்த வீட்டுக்கும் பாலிசி மறுக்கப்படும்.

1930களில் வீட்டுக்கடன் துறைக்காகக் கூட்டரசு அமைப்பொன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் ‘அபாயகரமானவை’ எனச் சிவப்பில் தீட்டப்பட்டன. காப்பீட்டு நிறுவனங்களிடமும் இதே மனப்போக்கு இருந்தது. 1945ஆம் ஆண்டின் மெக்காரன்-பெர்குசன் சட்டம் காப்பீட்டுத் துறையின் கண்காணிப்பை மாநிலங்களிடமே விட்டதால், கூட்டரசு தலையிடுவதும் அரிதாயிற்று.

1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியிலும், 1967இல் நியூவார்க், டெட்ராய்ட் நகரங்களிலும் கலவரம் மூண்டது. அதன்பின் பல நிறுவனங்கள் நகர மையங்களில் பாலிசி வழங்குவதையே நிறுத்தின. நியூ ஜெர்சி ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையிலான குழு இந்த நெருக்கடியை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 1968இல் ‘ஃபேர்’ என்ற காப்பீட்டுத் திட்டங்கள் பிறந்தன. சுற்றுப்புறத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, வீட்டை நேரில் பார்வையிட்டே முடிவெடுக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை விதி. இத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கே கலவர இழப்புக்கான கூட்டரசு மறுகாப்பீடு கிடைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வழக்கமான சந்தையில் வாங்கும் பாலிசியைவிட இதில் பாதுகாப்பு குறைவு. மேலும், தங்களுக்கு வேண்டாத பகுதிகளை இதன் பக்கம் தள்ளிவிடவும் நிறுவனங்களுக்கு வழி கிடைத்தது.

வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து அதே 1968இல் வந்த நியாயமான குடியிருப்புச் சட்டம் காப்பீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்த மௌனமே பெரும் சட்டப்போராட்டத்துக்கு இடம் தந்தது. அச்சட்டம் காப்பீட்டுக்குப் பொருந்தாது என்று 1984இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் வீட்டுவசதித் துறை பொருந்தும் என விதி வகுத்தது. 1992இல் மில்வாக்கி நகர வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கறுப்பின முன்னேற்றச் சங்கமான என்ஏஏசிபி தொடுத்த அந்த வழக்கில், அமெரிக்கன் ஃபேமிலி நிறுவனம் 1995இல் 1.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

பாகுபாடு எப்போதும் வெளிப்படையாக இருந்ததில்லை. இத்தனை ஆண்டுகளுக்கு மேல் பழைய வீடென்றால் முழுப் பாலிசி இல்லை, இன்ன விலைக்குக் குறைந்தால் விண்ணப்பமே வேண்டாம் என்ற விதிகளில் இனம் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆனால் பழைய, மலிவான வீடுகள் நிறைந்த பேட்டைகள் முழுவதையும் அவை வெளியே நிறுத்தின. இதை அம்பலப்படுத்தியதில் குடிமக்கள் அமைப்புகளின் பங்கு பெரிது. ஒரே மாதிரியான இரண்டு வீடுகளுக்கு, ஒரு வெள்ளையரையும் ஒரு கறுப்பினத்தவரையும் முகவரிடம் விலை கேட்க வைத்து, கிடைத்த பதில்களை அவ்வமைப்புகள் ஒப்பிட்டன. உள்நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும் விளைவை வைத்து வழக்காடலாம் என்பதை 2015இல் உச்ச நீதிமன்றம், டெக்சஸ் வீட்டுவசதி வழக்கொன்றில், உறுதிசெய்தது.

வாகனக் காப்பீட்டில் கலிபோர்னியா முன்னே சென்றது. 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, அஞ்சல் குறியீட்டைவிட ஓட்டுநரின் பதிவு, ஓட்டும் தூரம், அனுபவம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை கேட்டது.

வங்கிகள் எந்தப் பகுதியில் வீட்டுக்கடன் தந்தன என்பதை வெளியிட வேண்டும் என 1975ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் வரவில்லை. பகுதிவாரித் தரவைச் சில மாநிலங்கள் மட்டுமே கேட்டுப் பெறுகின்றன.