முளையும் திரையும்: தொடக்க வகுப்பு அறிவியலில் டிஜிட்டல் ஊடகங்கள்

1. ஆய்வின் எல்லை

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இடம்பெற்றது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. காணொளிக்குப் பஞ்சமில்லை. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே இங்குக் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலம், அளவு, தூரம் என இயற்கையின் ஏதோ ஒன்றை மாற்றித்தான் ஒவ்வோர் ஊடகமும் காட்டுகிறது. எது மாறியது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது அறிவியல் பாடம்.

2. சுருங்கும் காலம்

ஓர் இரவு ஊறவைத்த பச்சைப்பயற்றைக் கண்ணாடித் தம்ளரின் உட்சுவருக்கும் ஈரப் பஞ்சுக்கும் இடையே செருகி வைத்தால் முளைப்பதைப் பார்க்கலாம். ஆனால் அசைவு கண்ணுக்குத் தெரியாது. எதிரே ஒரு செல்பேசியைச் சார்ஜரோடு அசையாமல் நிறுத்தி, 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கவிட்டால் நாளுக்கு 144 படங்கள், மூன்று நாளில் 432. நொடிக்கு 12 படம் வீதம் ஓட்டினால் 36 நொடி. முதலில் வேர் எட்டிப் பார்க்கிறது. பிறகு தண்டு கொக்கிபோல் வளைந்து, தலை குனிந்தபடியே வித்திலைகளை இழுத்துக்கொண்டு மேலே வந்து நிமிர்கிறது. நடுவில் தம்ளரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால், வேர் நுனி மறுபடி கீழ்நோக்கித் திரும்புவதும் பதிவாகும். வெறும் கண்ணுக்கு எட்டாத இந்தத் திருப்பத்தைக் காட்டுவதில் செல்பேசிக்கு நிகரான கருவி தொடக்கப்பள்ளியில் வேறில்லை.

ஆனால் மூன்று நாள் 36 நொடியாகிவிட்டது. விதை அரை நிமிடத்தில் முளைக்கும் என்று பிள்ளை நினைத்தால் குற்றம் அதன் மேல் இல்லை. தயாராகக் கிடைக்கும் காணொளிகள் பலவற்றில் விளக்கு வைத்து இரவையே இல்லாமல் செய்திருப்பார்கள். நம் வகுப்பறைப் பதிவிலோ இரவில் எடுத்த படங்கள் இருண்டிருக்கும். அவற்றை நீக்கவே கூடாது. திரை ஒவ்வொரு முறை இருண்டு வெளுப்பதும் ஓர் இரவு. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளையும் அதை எண்ணிவிடும்.

3. சுருங்கும் தூரம்

ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 60 பேரிடம் பூமியைப் பற்றிக் கேட்டார்கள். பூமி உருண்டை என்று சொன்னவர்களில் சிலர், உட்புறம் குடைந்த உருண்டைக்குள் தட்டையான தரையில் மனிதர்கள் வாழ்வதாக விளக்கினார்கள். காலடியில் பார்த்த தரையையும் பெரியவர்கள் சொன்ன உருண்டையையும் இணைக்க அவர்கள் கண்ட வழி அது. அறிவின் முயற்சியாகவே அதைக் கருத வேண்டும்.

திரையில் பார்ப்பதையும் பிள்ளைகள் இப்படித் தம் போக்கில் இணைத்துக்கொள்ளக்கூடும். அசைவூட்டப் படங்களோ நிலாவைப் பூமிக்கு அருகிலேயே சுற்றவிடுகின்றன. இல்லாவிட்டால் இரண்டும் திரைக்குள் அடங்காது. உண்மைத் தூரம் பூமியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. 22 செ.மீ. கால்பந்து பூமி என்றால், 6 செ.மீ. அளவுள்ள சிறிய சாத்துக்குடி நிலா. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 6.6 மீட்டர். படம் போடும் முன்பு சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். அளந்து வைத்த பிறகு படம் பார்த்தால், படத்தின் பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

4. ஒலி

இது பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிய தம்ளர்களைக் கரண்டியால் தட்டிப் பதிவுசெய்து, பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லலாம். தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும். இங்கே ஊடகம் காட்சியைப் பறிப்பதே அதன் பயன்.

5. ஆசிரியரின் பணி

படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து மூன்றும் ஒருசேர வந்தால் கவனம் சிதறுகிறது என்பது ரிச்சர்டு மேயரின் ஆய்வுகள் காட்டிய முடிவு. ஆகவே முதல் முறை ஒலியை அணைத்துவிடலாம். வேர் முந்துமா, இலை முந்துமா என்று பிள்ளைகள் கைதூக்கிய பிறகே படம் ஓட வேண்டும். பச்சைப்பயறுத் தம்ளரும் பக்கத்திலேயே இருக்கட்டும். தொட்டும் முகர்ந்தும் பார்க்கட்டும்.

நான் இதைச் செய்த மூன்றாம் வகுப்பில், நாங்கள் எடுத்த படத்துக்குப் பிறகு, இணையத்தில் கிடைத்த அழகான முளைப்புக் காணொளி ஒன்றைப் போட்டேன். முன்வரிசைச் சிறுமி பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

“டீச்சர், இதுல ராத்திரியே வரலையே?”